மூக்கில் மட்டும் கட்டிய கப்பல்

மாலை சரியாக நான்கு மணி பத்து நிமிடத்துக்குக் கடல்காற்று நின்றது. நேரம் எனக்கு இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம், அப்போதுதான் கைப்பேசியைப் பார்த்து, மகளின் பேராசிரியர் வந்துசேர இன்னும் எவ்வளவு நேரமாகுமோ என்று எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன். போன வருடம் ஆகஸ்ட் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடம், எண்ணூரை அடுத்த நெட்டுக்குப்பத்தில் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்து மணல்வெளி.

என் மகள் பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவளும் கூடப் படிக்கும் இரண்டு பெண்களுமாகச் சேர்ந்து, எட்டு மாதம் உழைத்து ஓர் ஆகாயக் கப்பல் செய்திருந்தார்கள். ஒன்பது மீட்டர் நீளம். வாயு நிரப்பினால் மீன் வடிவத்தில் புடைத்துக்கொண்டு மிதக்கும். அடிவயிற்றில் இரண்டு சின்ன மோட்டார்கள், காற்றில் கலந்திருக்கும் சாம்பலையும் புகையையும் அளக்க ஒரு கருவிப் பெட்டி. அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குப் பக்கத்தில், நாம் மூச்சு விடும் உயரத்துக்கு மேலே காற்று எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் திட்டம். பேராசிரியர் அனுமதியெல்லாம் வாங்கி வைத்திருந்தார். அன்றைக்கு முதல் சோதனை.

எனக்கு அங்கே எந்த வேலையும் கிடையாது. மூன்று பெண் பிள்ளைகள் தனியாகக் கடற்கரையில் என்ன செய்யப்போகிறார்களோ என்ற பயத்தில், எலுமிச்சைச் சாதமும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு ராயபுரத்திலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். மகளுக்குப் பிடிக்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்த அவள் தோழிகள் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பேராசிரியர் இன்னொரு வாயு உருளையை எடுத்துக்கொண்டு மாதவரத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். வழியில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றுவிட்டன. தான் வரும்வரை பறக்க விட வேண்டாம், மணலில் அடித்த இரும்பு முளையில் மூக்குக் கயிற்றை மட்டும் கட்டி வையுங்கள் என்று போனில் சொல்லியிருந்தார். அப்படித்தான் கட்டியிருந்தார்கள். ஆளுயரத்தில் அது மிதந்துகொண்டு, கடல்காற்று கொஞ்சம் திசை மாறினாலும் தானும் உடம்பைத் திருப்பிக்கொண்டு நின்றது.

நான் செய்த தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. வால் அப்படி அங்குமிங்கும் ஆடுவது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தடவை அது திரும்பியபோது ஒரு பெண்ணின் தோளை உரசிவிட்டுப் போனது. அவ்வளவுதான். வாலையும் கட்டு என்று மகளை நச்சரிக்க ஆரம்பித்தேன்.

“மா, வாலைக் கட்டக்கூடாதும்மா. சார் சொல்லியிருக்கார்” என்றாள்.

சார் இங்கே இல்லை, நான்தான் இருக்கிறேன் என்றேன். அவள் மறுபடியும் வேண்டாம் என்றாள். கட்டவில்லை என்றால் இப்போதே உன் அப்பாவுக்குப் போன் போடுவேன், சாமான்களை மூட்டைகட்டு, வீட்டுக்குப் போகலாம் என்று தோழிகளுக்கு எதிரிலேயே சத்தம் போட்டேன். அவள் முகம் சுருங்கிப்போனது. வால் பக்கம் ஒரு கயிற்றைப் போட்டு, கரையில் கிடந்த ஒரு பெரிய சிமென்ட் கட்டையில் கட்டினாள். இப்போது இரண்டு பக்கமும் இறுகி, கப்பல் அசையாமல் நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் சாதம் போட்டேன்.

சற்றுத் தள்ளி ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கரையேற்றிய ஃபைபர் படகில் அவர் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். அந்த அம்மா வலையில் சிக்கியிருந்த குப்பையைக் கத்தியால் அறுத்து எடுத்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் என் வயதுதான் இருக்கும். நாங்கள் வந்ததுமே அந்த அண்ணன் வேடிக்கையாகக் கேட்டார், “இன்னா பாப்பா, இம்மாம் பெரிய சுறாவ இட்டாந்து கட்டிகிறீங்க, எந்த வலைல மாட்டுச்சு?” என்று. பிள்ளைகள் சிரித்தார்கள். பேச்சுவாக்கில், நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் இருபது வருடமாக வேலை பார்ப்பதாக நானும் கொஞ்சம் பெருமையோடு சொல்லிவைத்தேன்.

கடல்காற்று நின்றதும் முதலில் தலையைத் தூக்கிப் பார்த்தவர் அந்த அண்ணன்தான். நாங்கள் கவனிக்கவே இல்லை. புழுக்கம் அதிகமானதாகத்தான் எனக்குத் தோன்றியது. அன்று முழுவதும் மேற்கே சாய்ந்திருந்த புகைபோக்கிகளின் புகை, நேராக எழுந்து நின்றது. பிறகு மெல்லக் கடல் பக்கம் குனிந்தது. மீஞ்சூர் பக்கத்து வானம் ஈயம் பூசியதுபோல இருந்தது.

“பொகைய பாரு, பொகைய பாரு. மேக்க இருந்து அடிச்சிகினு வருது. வாலை அவுத்து வுடுங்க” என்று அவர் அங்கிருந்தே கத்தினார். என் காதில் விழுந்தது. ஆனால், காற்று வரும் நேரத்தில் கட்டை அவிழ்க்கச் சொல்கிறாரே, இவருக்கென்ன பைத்தியமா என்றுதான் நினைத்தேன். மகள் மட்டும் வால் கயிற்றை நோக்கி ஓடினாள்.

அவள் போய்ச் சேர்வதற்குள் காற்று வந்துவிட்டது. காற்று என்று அதைச் சொல்ல முடியாது. மணல் சரளைக் கல் மாதிரி முகத்தில் அடித்தது. சாப்பாட்டு டப்பாக்கள் பறந்தன. கப்பலின் மூக்கும் வாலும் கட்டப்பட்டிருந்ததால் அதனால் திரும்ப முடியவில்லை. ஒன்பது மீட்டர் விலா முழுவதும் காற்றுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டது. பாய் விரித்த மாதிரி உப்பி, கட்டியிருந்த சிமென்ட் கட்டையை இழுத்துக்கொண்டு நகர ஆரம்பித்தது.

முடிச்சைத் தளர்த்துவதற்காக மகள் கயிற்றின் மிச்சத்தைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தாள். காற்றின் அடுத்த வீச்சில் அந்தச் சுற்று அவள் மணிக்கட்டில் இறுகிவிட்டது. குப்புற விழுந்தாள். கட்டையும் அவளுமாக மணலில் இழுபட்டுப் போனார்கள். முப்பது அடி தள்ளிக் கரை அரிக்காமல் இருக்கப் போட்ட கருங்கற்கள், அதற்கு அப்பால் முகத்துவாரத்துத் தண்ணீர் கடலுக்குள் பாயும் இடம்.

நான் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். என்னையும் சேர்த்து இழுத்தது. அவள் தோழிகள் இருவரும் என் கால்களைப் பிடித்தார்கள். நாங்கள் நான்கு பேரும் சேர்ந்தும் அதை நிறுத்த முடியவில்லை. மகள் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியாத நினைவு. பல்லைக் கடித்துக்கொண்டு, “மா, நீ விட்டுடு, நீ விட்டுடு” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பாறைகள் கிட்டே வந்துவிட்டன. மாதாவைக் கூப்பிட்டேனா, யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்குத் தெரியாது.

அப்போது அந்த அம்மா வலை அறுக்கும் கத்தியோடு ஓடி வந்தார். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தார். எங்களோடு சேர்ந்து கயிற்றைப் பிடிப்பார் என்று நினைத்தேன். “இழுங்கம்மா, இழுங்க” என்று கெஞ்சினேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகளின் கைக்கு மேலே விறைத்து நின்ற கயிற்றில் கத்தியை வைத்தார்.

“அறுக்காதீங்க” என்று நான் கத்தினேன். ஏன் அப்படிக் கத்தினேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. பிடித்துக்கொண்டிருப்பதுதான் பாதுகாப்பு என்று என் உடம்புக்குள் எங்கோ எழுதியிருக்கிறது போலிருக்கிறது.

“வுடு யக்கா” என்றார் அவர். இரண்டே இழுப்பு. கயிறு அறுந்தது.

நாங்கள் மல்லாந்து விழுந்தோம். கப்பலின் வால் பெரிய கதவு ஒன்று திறப்பதுபோல அப்படியே வளைந்து கடல் பக்கம் போனது. ஒரு விநாடி அது கிழிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்துக்கொண்டது. அவ்வளவுதான். நான்கு பேரை இழுத்துச் சென்ற அதே பொருள், அதே காற்றில், ஒற்றைக் கயிற்றில் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டு நின்றது. காற்று அதன் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போவது மழைத் தூறலில் கண்ணுக்கே தெரிந்தது.

ஆனால் மூக்குக் கயிற்றைத் தாங்கிய இரும்பு முளை ஆடத் தொடங்கியிருந்தது. அந்த அண்ணன் அதற்குள் தம் படகின் முன் கொக்கியிலிருந்து கனமான கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து மூக்குக் கயிற்றோடு முடிச்சுப் போட்டுவிட்டார். எஞ்சின் பிரித்துக் கிடக்கும், நாளைக்குத் தொழிலுக்குப் போகவேண்டிய அவருடைய சொந்தப் படகு. யாரும் அவரைக் கேட்கவில்லை. முடிந்த கையோடு கயிற்றைச் சுருள் சுருளாக வெளியே விட்டார். மகள் பதறி, மேலே போனால் காற்று இன்னும் அதிகமாக இருக்குமே என்று கேட்டாள். கீழே இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் தரையில் மோதிக் கிழியும், நீளமாக விட்டால் அலையில் ஏறி இறங்குவதுபோல ஏறி இறங்கிக்கொள்ளும் என்று அவர் விளக்கினார். பத்துப் பாகம் விட்டார். இரு கையையும் விரித்தால் ஒரு பாகம், அவர்கள் கணக்கில். முளை பிடுங்கிக்கொண்டு வந்தது, படகு ஒரு முழம் திரும்பி மணலில் பதிந்தது. பிறகு அசையவில்லை.

மழை கொட்ட ஆரம்பித்தது. மின்னல் வேறு. அண்ணன் எல்லோரையும் படகு, கயிறு எதையும் தொடாமல் தள்ளிப்போய்ப் பள்ளமான இடத்தில் குந்திக்கொள்ளச் சொன்னார். யாராவது கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டாமா என்று நான் கேட்டேன்.

“யக்கா, நீ கப்பல் ஆபீஸ்ல கீறேன்னு சொன்ன. கடல்ல நங்கூரம் போட்டு நிக்கிற கப்பல ஒரு நாளாச்சும் பாத்துகிறியா? அத்த யாரு புட்சிகினு கீறாங்க?”

அந்த மழையிலும் அவர் மனைவி சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தால், உள்ளே வர முறை வரும்வரை தூரத்தில் காத்து நிற்கும் கப்பல்கள் தெரியும். காலையில் எல்லாம் ஒரு பக்கமாகப் பார்த்து நிற்கும். மத்தியானம் டீ குடிக்கும்போது பார்த்தால் எல்லாம் வேறு பக்கமாகத் திரும்பியிருக்கும். இருபது வருடம் பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்தக் கப்பல்களின் காகிதங்களைத்தான் எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் கப்பலின் மூக்கு உள்ளே குழிய ஆரம்பித்தது. மழைக் குளிரில் உள்ளே இருக்கும் வாயு சுருங்குகிறது, மூக்கு மடங்கினால் காற்று உள்ளே புகுந்து மொத்தமும் குலைந்துவிடும் என்றாள் மகள். அதன் வயிற்றுக்குள் இன்னொரு பை உண்டு. சின்ன விசிறி ஒன்றைச் சுழலவிட்டு அந்தப் பைக்குக் காற்று ஏற்றினால் உடம்பு மறுபடி விறைக்கும். அதற்கான கட்டுப்பாட்டுப் பெட்டியை ஒரு தோழி நெஞ்சோடு அணைத்துக் காப்பாற்றி வைத்திருந்தாள். ஆனால் மகளின் வலது கை வீங்கி, விரல்கள் மடங்கவில்லை. அந்த அம்மா மீன் போடும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்து, பெட்டி நனையாதபடி எங்கள் தலைக்கு மேல் பிடித்தார்.

“நீ அமுக்கு மா” என்றாள் மகள்.

எட்டு மாதமாக நான் அதைப் பலூன் என்றுதான் சொல்லிவந்தேன். படிப்பைக் கெடுக்கும் பலூன். அவள் என் காதுக்குப் பக்கத்தில், “போடு... போதும்... நிறுத்து. இப்போ போடு” என்று சொல்லச் சொல்ல, நான் ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருந்தேன். குழிந்த மூக்கு மெல்லப் புடைத்து நிமிர்ந்தது. அவள் குரலில் நடுக்கமே இல்லை. கை வலியில் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் பார்வை மட்டும் கப்பலை விட்டு நகரவில்லை. இந்தப் பிள்ளையையா நான் காலையில் ‘தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டாயா’ என்று மூன்று தடவை கேட்டேன் என்று இருந்தது.

நாற்பது நிமிடம் அப்படி உட்கார்ந்திருந்தோம். கப்பலை நான் அந்த நாற்பது நிமிடமும் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் தலையைத் தாழ்த்தும், பக்கவாட்டில் ஒரு சிலிர்ப்பு ஓடும், மேலே தேங்கிய மழைநீரை உதறிவிட்டு மறுபடி எழுந்துகொள்ளும். வாலின் ஒரு துடுப்பு கிழிந்து படபடத்தது. ஒரு மோட்டார் கம்பியில் தொங்கியது. இருந்தும் அது தோற்கவில்லை. தைத்து ஒட்டிய துணியும் கொஞ்சம் வாயுவும்தான். மூன்று பெண்கள் விடுதி மாடியில் உட்கார்ந்து கையால் ஒட்டியது. ஊரிலுள்ள மரங்களெல்லாம் சாய்ந்த காற்றில் அது நின்றது.

காற்று வந்த வேகத்திலேயே போய்விட்டது. தூறல் மட்டும் மிச்சம். அண்ணனும் பிள்ளைகளும் சேர்ந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கப்பலை இறக்கினார்கள். கருவிப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புயல் முழுவதும் அது அளந்து பதிந்துகொண்டே இருந்திருக்கிறது. பிள்ளைகள் மூவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த அம்மா மகளின் மணிக்கட்டை நனைந்த துணியால் இறுக்காமல் சுற்றிவிட்டு, எலும்பு உடைந்த மாதிரி தெரியவில்லை, ஆனாலும் ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள் என்றார். பிறகு என் முழங்கையில் தோல் உரிந்திருப்பதைக் காட்டினார். அதுவரை எனக்கே தெரியாது.

பேராசிரியர் வந்தபோது மணி ஐந்தேகாலைத் தாண்டிவிட்டது. சாலையில் மரம் விழுந்ததால் காரை எங்கேயோ விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருந்தார். தொப்பலாக நனைந்திருந்தார். முதலில் மகளின் கையைப் பார்த்தார். பிறகு கப்பலைச் சுற்றி நடந்தார். வால் பக்கம் போனதும் நின்று, அறுந்த கயிற்றின் நுனியைக் கையில் எடுத்தார்.

“இங்க யார் கட்டினது?”

“நான்தான் சார்” என்றாள் மகள்.

அவள் அப்படித்தான் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். பேசாமல் இருந்திருக்கலாம். “இல்ல சார். நான்தான் கட்டச் சொன்னேன். அவ வேணாம்னு ரெண்டு தடவை சொன்னா” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. கயிற்று நுனியை விரலில் உருட்டிக்கொண்டே பேசினார். “அந்தக் காலத்துல கடற்படைக்காரங்க இதைவிட எத்தனையோ மடங்கு பெரிய ஆகாயக் கப்பல் வெச்சிருந்தாங்கம்மா. காத்து வந்தா நூத்துக்கணக்கான மாலுமிங்களை நிறுத்திக் கயிறு புடிக்க வெச்சாங்க. கப்பலும் போச்சு, ஆளும் போச்சு. அதுக்கப்புறம்தான் மூக்கை மட்டும் கட்டிட்டு மிச்சத்தைக் காத்துகிட்ட விட்டுடணும்னு புரிஞ்சுக்கிட்டாங்க” என்றார். நடந்ததைப் பிள்ளைகள் சொன்னதும் அந்த அண்ணன் பக்கம் திரும்பி, உங்களுக்கு இது எப்படித் தெரிந்தது என்று மரியாதையோடு கேட்டார்.

“தெரிஞ்சிக்க இன்னா சார் கீது? படகு கட்றாப்பலதான். அது தண்ணில மெதக்குது, இது காத்துல மெதக்குது.”

அவர் மனைவி கத்தியை வலைக்குள் வைத்துச் சுருட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேராசிரியரிடம் சொன்னார், “யக்காவ ஒன்னும் சொல்லாத சார். பயந்தவங்க எல்லாரும் ரெண்டு பக்கமும்தான் கட்டுவாங்க.”

இப்போதும் மகள் வெளியே கிளம்பும்போது ஏதாவது ஒரு ‘வேண்டாம்’ என் வாய்வரைக்கும் வருகிறது. சில நாள் சொல்லிவிடுகிறேன், ஆனால் பெரும்பாலான நாட்களில் கயிற்றை அறுத்த அந்த அம்மாவை நினைத்துக்கொண்டு, கதவைத் திறந்துவிடுகிறேன்.